கல்லூரி சீட்டுக்குப் பணம் கட்டும் முன்: கேள்வி-பதில்

மகனுக்கு கட்-ஆஃப் 172. கலந்தாய்வுக்கு முன்பே சீட்டைப் பிடித்து வைக்கலாம் என்று ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் 30,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது பிறகு தருகிறோம் என்றார்கள். இப்போது கலந்தாய்விலேயே நல்ல இடம் கிடைக்கும் போலிருக்கிறது. பணம் திரும்ப வருமா?
*– ஒரு தந்தை, திண்டுக்கல்*

ரசீது இல்லாமல் முப்பதாயிரம் ரூபாயை எப்படிக் கொடுத்தீர்கள்? 172 வாங்கிய பையனுக்கு கலந்தாய்வில் இடம் கிடைக்காது என்று உங்களிடம் சொன்னது யார்? போன வருடக் கடைசி கட்-ஆஃப் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, சாதி ஒதுக்கீடு வாரியாகக் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடக்கிறது. அரை மணி நேரம் பார்த்திருந்தால் இந்தப் பணம் கையில் இருந்திருக்கும்.

ஜிபேயிலோ வங்கி வழியாகவோ அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனை விவரம்தான் உங்கள் ரசீது. கல்லூரி கணக்குக்குப் போனதா, தனி ஆள் கணக்குக்குப் போனதா என்று முதலில் பாருங்கள். மாணவர் பெயர், தேதி, தொகை மூன்றையும் எழுதி, சேர விரும்பவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் என்று முதல்வருக்கு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், வாங்கியவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல், ரசீதில்லாமல் வாங்கும் பணத்தைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் நன்கொடை என்று தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கடிதத்தில் குறிப்பிட்டாலே பல கல்லூரிகள் பேச வரும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது? கிடைக்காது என்று தெரிந்த கல்லூரியை மேலே போட்டால் இடம் வீணாகுமா?
*– மாணவி, தஞ்சாவூர்*

வீணாகாது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் தரவரிசைக்கு முதலில் கிடைப்பதை ஒதுக்குவார்கள். அதனால் ஆசைப்படும் வரிசையில் போடுங்கள். ஐந்தாவதாக வேண்டிய கல்லூரியை இரண்டாவதாகப் போட்டால் அதுதான் கிடைக்கும். பிறகு அழுது பயனில்லை.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல உண்டு. பெயரைப் பார்க்காமல் நான்கு இலக்கக் குறியீட்டைப் பாருங்கள். பாடப் பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு உதவி பெறும் கல்லூரியாக இருந்தாலும் கட்டணம் கூடும். மூன்றாவது, தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாமல் விடுவது. விட்டால் இடம் போய்விடும்.

ஏற்றுக்கொண்டு மேல்நகர்வுக்குக் காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், பட்டியலில் மேலே இருக்கும் இடம் காலியாகும்போது தானாக அங்கே போய்விடுவீர்கள். பழைய இடம் திரும்பக் கிடைக்காது. மேலே இருப்பவை எல்லாம் உண்மையில் வேண்டியவைதானா என்று அப்பாவோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு அதைத் தொடுங்கள்.

ஏசி வகுப்பறை, நீச்சல் குளம், விளையாட்டரங்கம் எல்லாம் காட்டினார்கள். நல்ல கல்லூரிதானே?
*– பெற்றோர், கரூர்*

ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் வேலை நாளில், மாணவர்கள் இருக்கும் நேரத்தில்.

நான் பார்த்த மூன்று கல்லூரியும் 95 சதவீதம் பிளேஸ்மென்ட் என்கின்றன. எதை நம்புவது?
*– ஒரு தாய், விருத்தாசலம்*

மூன்றையும் நம்பாதீர்கள். பெற்றோரை அதிகம் ஏமாற்றும் எண் இதுதான். ஆண்டுதோறும் பேருந்தின் பின்புறத்திலும் செய்தித்தாளின் முதல் பக்கத்திலும் வருகிறது. எதை எதால் வகுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதலாம் ஆண்டில் 240 பேர் சேர்கிறார்கள். நான்கு வருடத்தில் அரியர் இல்லாமல் முடிப்பவர்கள் 150 பேர். அதில் கல்லூரி தகுதியானவர்கள் என்று பதிவு செய்வது 116 பேரை மட்டும். 110 பேருக்கு வேலை. விளம்பரத்தில் 95 சதவீதம். சேர்ந்த பிள்ளைகளின் கணக்கில் 46 சதவீதம். சில இடங்களில் ஆட்களை எண்ணாமல் ஆஃபர் கடிதங்களை எண்ணுகிறார்கள். ஒரே மாணவருக்கு மூன்று கடிதம் வந்தால் மூன்று வேலை. 'அதிகபட்சம் 40 லட்சம்' என்பது ஒரு மாணவரின் சம்பளம். உங்கள் மகளுக்கு அதில் ஒன்றுமில்லை.

உண்மைக்கு அருகில் போக ஒரு வழி இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி, தான் கொடுத்த தரவைத் தன் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகப் போட வேண்டும். முகப்புப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் என்ஐஆர்எஃப் என்று இருக்கும். திறந்தால் 'யூஜி 4 ஆண்டு' என்ற அட்டவணை. முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், மீடியன் சம்பளம் என்று வரிசையாக இருக்கும். மீடியன் என்றால் வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவர் வாங்குவது. பாதிப் பேர் அதற்கும் கீழே.

வேலை பெற்றவர்களைச் சேர்ந்தவர்களால் வகுங்கள். சேர்ந்தவர்களுக்கும் குறித்த காலத்தில் முடித்தவர்களுக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள். அங்கே பாடம் எப்படி நடக்கிறது என்று அது சொல்லும். இதுவும் கல்லூரியே கொடுக்கும் கணக்குதான். ஆனால் அரசுக்குக் கொடுத்த எண்ணும் விளம்பர எண்ணும் வேறாக இருந்தால், அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி உங்கள் கையில் வந்துவிடும். பிடிஎஃப் இல்லாத கல்லூரியில், உங்கள் பாடப் பிரிவில் போன வருடம் வேலை பெற்றவர்களின் பட்டியலை நிறுவனப் பெயரோடு கேளுங்கள்.

ஆசிரியர் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பேராசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டியதை 2024 ஜூலையில் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. பட்டியலில் இருக்கும் நான்கு பெயர்களைக் குறித்துக்கொண்டு, கல்லூரி வாசல் டீக்கடையில் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள்: இவர்கள் உங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்களா?

தன்னாட்சிக் கல்லூரி என்றால் தரமானதா?
*– மாணவர், ஈரோடு*

பாடத்திட்டமும் வினாத்தாளும் திருத்துவதும் கல்லூரியே. பட்டம் பல்கலைக்கழகம் கொடுக்கும். நன்றாக நடத்துபவர்களிடம் அது வரம், மற்ற இடங்களில் மதிப்பெண்ணை அள்ளி வீசும் வசதி. சாதாரண இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் பருவத்துக்குப் பருவம் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலைத் தன்னாட்சிக் கல்லூரி சொல்லும் தேர்ச்சி விகிதத்தோடு ஒப்பிடாதீர்கள்.

ஒரே கல்லூரியில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்-கம்யூனிகேஷன்), ஏஐ-டேட்டா சயின்ஸ் இரண்டும் கிடைக்கும். எல்லாரும் ஏஐ எடு என்கிறார்கள்.
*– மாணவி, நாமக்கல்*

எல்லாரும் சொல்வதை விடுங்கள். அந்தக் கல்லூரியில் ஏஐ துறை எந்த ஆண்டு தொடங்கியது, இதுவரை எத்தனை அணி (பேட்ச்) படிப்பை முடித்து வெளியே போயிருக்கிறது? என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியம் தரும் தர அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, பாடப் பிரிவுக்கு. குறைந்தது இரண்டு அணி பட்டம் பெற்ற பிறகுதான் ஒரு பிரிவு அதற்கு விண்ணப்பிக்க முடியும். முகப்பில் என்பிஏ என்று எழுதியிருப்பது பழைய மெக்கானிக்கல் துறைக்கானதாக இருக்கலாம். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் என்ற அமைப்பின் கிரேடு கல்லூரி முழுவதற்குமானது, அதை வைத்து ஒரு துறையை எடை போட முடியாது.

இன்னொன்று, 2024-25 முதல் ஒரு பிரிவில் இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்களைப் பெருக்கிய கல்லூரி, ஆசிரியரையும் ஆய்வகத்தையும் பெருக்கியதா என்று கேளுங்கள். விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். பழைய, ஆள் இருக்கும் ஈசிஇ துறை கண்ணெதிரே இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். நிரல் எழுதுவதை அங்கிருந்தும் கற்கலாம்.

நர்சிங் டிப்ளமா என்று சொல்லி ஒரு டிரஸ்டில் ஒரு வருடம் படித்தேன். 65,000 ரூபாய் கட்டினோம். மருத்துவமனையில் வேலைக்குப் போனால், கவுன்சில் பதிவு இல்லை, செல்லாது என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம்.
*– 19 வயது மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்*

தப்பு உங்களுடையது அல்லம்மா. 'நர்சிங்' என்று போர்டு வைத்து, வெள்ளை யூனிஃபார்ம் கொடுத்து, பெரிய சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பவர்கள் ஏமாற்றவென்றே கடை விரித்தவர்கள்.

கட்டிய ரசீதுகள், சான்றிதழ், அவர்கள் கொடுத்த நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். 'அரசு அங்கீகாரம்' என்று அச்சிட்ட நோட்டீஸ்தான் இதில் மிக முக்கியம். கூடப் படித்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மாவட்டக் குற்றப் பிரிவில் மோசடிப் புகார் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து போனால் மனுவை ஓரமாக வைக்க மாட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யுங்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது உண்மை. ஆனால் இல்லாத அங்கீகாரத்தைக் காட்டி மாணவர்களைச் சேர்த்த பிகார் பல் மருத்துவக் கல்லூரி இழப்பீடு தர வேண்டும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். இந்த இரண்டு தீர்ப்புகளையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி சேர்பவர்களுக்கு: ஏஎன்எம் (துணை நர்ஸ் படிப்பு) இரண்டு ஆண்டு, ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா) மூன்று, பி.எஸ்சி. நர்சிங் நான்கு. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் பட்டியலில் பெயர் இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வயது இருக்கிறது, அரசு நர்சிங் பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பித்துப் பாருங்கள்.

கலந்தாய்வில் வேறு இடம் கிடைத்தது. முதலில் சேர்ந்த இன்ஜினீயரிங் கல்லூரி ஒரிஜினல் சான்றிதழைத் தர மறுக்கிறது. நான்கு வருடக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறார்கள்.
*– மாணவர், சேலம்*

கட்ட வேண்டாம். ஒரிஜினலைப் பிடித்து வைக்கவும் அடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. தொடங்கிய பிறகு விலகி, அந்த இடத்தில் வேறு மாணவர் சேர்ந்தால், படித்த மாதங்களுக்கான கட்டணத்தையும் விடுதி வாடகையையும் மட்டும் கழிக்கலாம். இடம் காலியாகவே போனாலும் வைப்புத் தொகையும் சான்றிதழ்களும் உங்களுக்கு வந்தாக வேண்டும்.

விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் ஏஐசிடிஇ குறைதீர் தளத்தில் புகார், நகல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு. உங்கள் தம்பி கலைக் கல்லூரியில் சேர்ந்தால் அங்கே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. அதன்படியும் ஒரிஜினலைச் சரிபார்த்து அப்போதே கையில் கொடுத்துவிட வேண்டும்.

நிர்வாக ஒதுக்கீட்டில் (மேனேஜ்மென்ட் கோட்டா) சேர்ந்தால், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டா?
*– தந்தை, மதுரை*

கிடையாது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான். 'வாங்கித் தருகிறோம்' என்று புரோக்கர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.