வீட்டு எலியில் ஆராய என்ன இருக்கிறது? உலகம் முழுக்க ஒரே எலிதானே?

உங்கள் வீட்டுப் பிள்ளை யாரோ எலி ஆராய்ச்சியில் சேரப்போகிறார், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்று நினைக்கிறேன். இதே கேள்வியை என் பெரியப்பா கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு முன்னால் என்னிடம் கேட்டார். அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வருடம் அரிசி மண்டிகளில் சுண்டெலி பிடித்தேன். சாயங்காலம் சுட்ட தேங்காய்ச் சில்லு மாட்டிப் பொறி வைப்போம். விடிவதற்குள் போய் எடுத்து, மரபணுவைப் பார்க்க வால் நுனியில் துளி வெட்டி ஆல்கஹால் குப்பியில் போடுவோம். அந்தச் சுண்டெலியின் வால் உடம்பைவிட நீளம். கையில் பிடித்தால் அதன் நெஞ்சு அடிப்பது விரலில் தெரியும்.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், மரபணுவில் அப்படி இல்லை. மேற்கு ஐரோப்பாவில் டொமஸ்டிகஸ், கிழக்கே மஸ்குலஸ், நம் பக்கம் காஸ்டேனியஸ் என்று மூன்று கிளைகள். பிரிந்து சில லட்சம் வருடங்கள் ஆகின்றன. டென்மார்க்கிலிருந்து பல்கேரியா வரை முதல் இரண்டும் சந்திக்கும் எல்லை ஒன்று ஓடுகிறது. அங்கே பிறக்கும் கலப்பு ஆண்களில் பலவற்றுக்கு இனப்பெருக்கத் திறன் குறைவு. ஒரே எலி என்றால் இப்படி நடக்குமா?

வட இந்தியா, பாகிஸ்தான், ஈரான் பக்கம்தான் இவற்றின் தாயகம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இமாச்சலப் பிரதேசத்தில் பிடித்த காஸ்டேனியஸ் எலிகள் தங்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று காட்டும் மரபணு வேறுபாடு, மேற்கு ஐரோப்பிய எலிகளுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் கறுப்பு எலியோ, 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆபி லாத்ராப் என்ற பெண்மணி வளர்த்த அலங்கார எலிகளின் வழி வந்தது. அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து உருவாக்கியது. அதன் மரபணுவில் பெரும்பகுதி டொமஸ்டிகஸ். ஆய்வக எலியை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், அதனால் கிடைத்த மருந்துகள் எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு குடும்பத்தை வைத்து மொத்த எலிக்குலத்தையும் தெரிந்துகொண்டதாக நினைப்பது தப்பு.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிள்ளை சேர்வதற்கு முன் உதவித்தொகை மாதாமாதம் வருமா என்று விசாரியுங்கள். எங்களுக்கு ஏழு மாதம் வரவில்லை. மெஸ் பாக்கிக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்தேன். திட்டம் பாதியில் நின்றுவிட்டது. அந்தக் குப்பிகள் இன்னும் அங்கே குளிர்பெட்டியில்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் மண்டியின் பெயரும் தேதியும் என் கையெழுத்தில்.