இரணைமடுப் பக்க வயலில் எழும்பிய உள்ளான்: ஊசிவாலா, விசிறிவாலா?

உள்ளான் என்பது நீண்ட அலகுள்ள சேற்றுநிலப் பறவை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துப் பக்கம் நீங்கள் கண்டு எது என்று கேட்டது பெரும்பாலும் ஊசிவால் உள்ளான்தான். அரிவு வெட்டிய வயலில் காலடியிலிருந்து எழும்பியபோது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக்கோடு தெரியவில்லை என்கிறீர்கள். விசிறிவாலைக் கழிக்க அது போதும். விசிறிவாலுக்கு அந்த விளிம்பு பளிச்சென்று வெள்ளை, இறக்கையின் அடியிலும் வெள்ளைப் பட்டை. ஊசிவாலுக்கு அடிப்பக்கம் முழுக்க நெருக்கமான கருங்கோடுகள்.

வளைந்து வளைந்து பறந்ததால் விசிறிவால் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டுமே வளையும், ஊசிவால் கொஞ்சம் குறைவாக. இலங்கையில் வலசைக் காலத்தில் பரவலாகக் கிடைப்பது ஊசிவால். சேறு காய்ந்த அடிக்கட்டை வயலிலும் நிற்கும். மற்றது ஈரத்தையே கூடுதலாக நாடும்.

அடுத்த முறை செய்யவேண்டியது:

1. பொழுதுபடும் நேரம் வாய்க்கால் ஓரம் அசையாமல் இருங்கள். அப்போதுதான் வெளியே வந்து அலகைச் சேற்றில் குத்திப் புழு எடுக்கும்.
2. பறக்கையில் கால்விரல்கள் வாலைத் தாண்டி நன்றாக நீட்டுகின்றனவா என்று பாருங்கள். நீட்டினால் பெரும்பாலும் ஊசிவால்.
3. இறகு கோதும்போது வால் விரிந்தால் உடனே படம் எடுங்கள். ஓர இறகுகள் ஊசிபோல ஒடுங்கியிருந்தால் சந்தேகமே இல்லை.

ஒன்று கவனம்: அரிதான சுவின்ஹோ உள்ளானுக்கும் வெள்ளை விளிம்பு இல்லை. வால் இறகு தெரியாத படத்தை வைத்து முடிவாக எழுதாதீர்கள். கால் தொங்க, அகன்ற இறக்கையோடு மெதுவாகப் பறந்தால் அது மயில் உள்ளான், வேறு குடும்பம்.