2^67 − 1 பகு எண்ணா? காரணிகளைத் தேடாமலே சொல்ல முடியுமா?

முடியும். 2^67 − 1 = 147573952589676412927, மொத்தம் 21 இலக்கம். 1644இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் இதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்தார். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அது தவறு என்று நிறுவினார், ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை.

இன்று நீங்களே செய்து பார்க்கலாம். 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2 கழித்து, இந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி 65 முறை. கடைசி மீதி 0 என்றால் பகா எண். இங்கே 0 வராது.

பலர் சறுக்கும் இடம் 2ஐ அடியாகக் கொண்ட பெர்மா சோதனை: N பகா எண் என்றால் 2^(N−1)ஐ N ஆல் வகுத்த மீதி 1 ஆக வேண்டும். இங்கே N = 2^67 − 1. N − 1 = 2^67 − 2 என்பது 67ஆல் மீதியின்றி வகுபடும்; 2^67ஐ N ஆல் வகுத்தாலோ மீதி 1. அதனால் 2^(N−1) தரும் மீதியும் 1தான். பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறிவிடும்! 2ஐ அடியாகக் கொண்ட மில்லர்-ராபின் என்ற, இதைவிடக் கடுமையான சோதனையும் இதே காரணத்தால் ஏமாறும். அடியை 3 என்று மாற்றுங்கள்.

காரணிகளே வேண்டுமென்றால், எல்லா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது வீண் வேலை. எந்தப் பகாக் காரணியும் 134k + 1 வடிவில்தான் இருக்கும். அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. ஆகவே 4ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1 தரும் k மட்டும் போதும். ஏறத்தாழ 7.2 லட்சம் முயற்சிகளில், k = 1445580 ஆகும்போது 193707721 சிக்கும். மற்றது 761838257287. இரண்டும் பகா எண்களே. 1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் கண்டறிந்த காரணிகள் இவை.

நிரலில் எழுதும்போது 64 பிட் முழு எண் போதாது, நிரம்பி வழியும். தசம எண் (float) வகையில் வைத்தால் 2^53க்கு மேல் துல்லியம் போய், கடைசியில் கழித்த 1 காணாமலே போகும். பைத்தான் நிரல்மொழியின் இயல்பான முழு எண்ணே போதும்.