பாலையா என்ற பெரிய நடிகர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கே: டி.வி.யில் 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருந்தது. நாகேஷ் பேய்க்கதை சொல்லும் இடத்தில் என் பேத்தி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அந்த தாத்தா யாரு?" என்றாள். பாலையா என்று பெயர் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கே எதுவும் தெரியவில்லை. (வாசகர், கோவில்பட்டி)

ப: உங்கள் பேத்தி சரியான ஆளைப் பிடித்திருக்கிறாள். அந்தக் காட்சி என்றாலே எல்லோரும் நாகேஷைத்தான் சொல்வார்கள், அவர் வாயாலேயே கதவு கிறீச்சிடும் சத்தம் போடுவதைச் சொல்வார்கள், அவள் எதிரே உட்கார்ந்திருந்தவரைக் கேட்டிருக்கிறாள், அதுவே எனக்குச் சந்தோஷம்.

டி.எஸ். பாலையா 1914இல் பிறந்தவர். நெல்லைச் சீமையில் சுண்டங்கோட்டை அவர் ஊர், இன்றைய கணக்கில் தூத்துக்குடி மாவட்டம். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தார். முதல் படம் 1936இல் வந்த 'சதி லீலாவதி'. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். எம்.ஜி.ஆருக்கு அதில் சின்ன வேஷம், பாலையாவுக்கோ பெரிய வேஷம். கதாநாயகன் எம்.கே. ராதாவை நண்பன்போலக் கூடவே இருந்து குடிக்கு இழுத்து, குடும்பத்தையே கவிழ்க்கும் ராமநாதன். அப்போது அவருக்கு 22 வயதுகூட ஆகியிருக்காது. 1972 ஜூலையில் இறந்தார், 58 வயது நிறையவில்லை. 'காதலிக்க நேரமில்லை' வந்த 1964இல் அவருக்கு ஐம்பதுதான், ஆனால் நமக்கெல்லாம் அவர் பிறந்ததிலிருந்தே தாத்தா மாதிரி ஒரு நினைப்பு.

கே: என் அப்பா அவரை "பயங்கரமான வில்லன்" என்பார். நான் பார்த்ததெல்லாம் காமெடிதான். இரண்டு பேரும் ஒரே ஆள்தானா? (வாசகி, மதுரை)

ப: ஒரே ஆள்தான், அப்பா சொல்வதும் சரி. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி' (1937), எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனான 'ராஜகுமாரி' (1947), அப்புறம் 1956இல் 'மதுரை வீரன்', எல்லாவற்றிலும் வில்லன் அவர்தான். 'மதுரை வீரன்' நரசப்பனைப் பார்த்தால் உங்கள் அப்பா சொன்னது புரியும். பொம்மியை எனக்குக் கட்டிவைக்கவில்லையே என்ற புகைச்சலை அந்த ஆள் படம் முழுக்கச் சுமந்துகொண்டு திரிவான்.

நடுவில் 1949இல் 'வேலைக்காரி' வந்தது. அண்ணாவின் கதை வசனம். பழிவாங்கத் துடிக்கும் கே.ஆர். ராமசாமிக்கு நண்பன் மணியாக வந்து, கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்று சொல்வது பாலையாதான். இன்றுகூட மேடைக்கு மேடை அடிபடுகிற வாசகம் அது, அதைத் திரையில் சொன்ன வாய் யாருடையது என்று பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு பேராவது சொல்வார்களா என்பது சந்தேகம்தான். 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் நம்பள்கி நிம்பள்கி என்று பேசும் சேட்டாக வந்தார். வில்லத்தனமும் சிரிப்பும் ஒரே ஆளுக்குள் கலந்துவிட்ட வேஷம். அவர் திடீரென்று ஒருநாள் காமெடிக்குத் தாவிவிடவில்லை, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்து வந்தார்.

கே: அவர் நடிப்பில் அப்படி என்ன விசேஷம்? குரலை ஏற்றி இறக்கிப் பேசுவது மட்டும்தானே? (வாசகர், திருச்சி)

ப: இல்லை. குரல் பெரிய சொத்துதான், மறுக்கவில்லை. ஒரு சொல்லை இழுத்து, நடுவில் நிறுத்தி, கடைசி எழுத்தில் ஒரு பொடி அதட்டல் வைப்பார், அதை மிமிக்ரி செய்கிறவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான பலம் வாயை மூடிக்கொண்டு எதிராளி பேசுவதைக் கேட்பதில் இருக்கிறது.

அந்தப் பேய்க்கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலையாவின் சின்னமலை எஸ்டேட் விசுவநாதன் பணத்தில் கெட்டி, படம் எடுக்கிறேன் என்று காசு கேட்டு நச்சரிக்கும் மகன் நாகேஷைக் கண்டாலே எரிச்சல். அந்த எரிச்சலோடுதான் கதை கேட்க உட்காருகிறார். கதை தொடங்கியதும் எரிச்சல் போய் ஒரு கவனம் வருகிறது. பிறகு கண் விரிகிறது, உதடு தானாகத் திறக்கிறது, உடம்பு உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்குகிறது. நாகேஷ் அவ்வளவு சத்தம் போடுகிறார், இவருக்கு வசனம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது, ஆனாலும் நம் கண் மாறி மாறி இவர் முகத்துக்குத்தான் வருகிறது. ஏனென்றால் கதை அங்கேதான் நடக்கிறது. பேய் நாகேஷின் வாயில் இல்லை, பாலையாவின் கண்ணில் இருக்கிறது. ஒருமுறை டி.வி.யின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். நான் பார்த்தேன், சிரிப்பு குறையவில்லை.

அடுத்த வருடமே, 1965இல், ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதர். பாண்டியன் சபையில் என்னை வெல்ல ஆள் உண்டா என்று கேட்டுவிட்டு வந்து இறங்கியிருக்கிறார். ராத்திரி வாசல் பக்கம் ஒரு விறகுவெட்டி பாடுகிறான், 'பாட்டும் நானே'. யோசித்துப் பாருங்கள், இங்கேயும் அவர் வேலை கேட்பது மட்டும்தான். ஆனால் போன வருடம் கதை கேட்டுப் பயந்த அதே முகம் இந்த வருடம் பாட்டு கேட்டு உடைகிறது. முதலில் யாரடா இவன் என்ற அலட்சியம். பிறகு அந்த சங்கதிகள் காதில் விழ விழ, பாடத் தெரிந்தவன் ஆனதால் அவருக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் விஷயம் புரிந்துவிடுகிறது, தோற்றுவிட்டோம் என்று. போட்டியில் அவரை எதிர்த்துப் பாட வேண்டிய பாணபத்திரர், தன்னைச் சீடனாக ஏற்கத் தகுதியில்லை என்று ஒதுக்கிவிட்டதாக அந்த விறகுவெட்டி சொன்னதும், ஒதுக்கப்பட்டவனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார் என்று நினைத்து நடுங்குகிறாரே, அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர்மேல் இரக்கம் வந்துவிடும். கர்வம் பிடித்தவர்தான், ஆனால் சங்கீதம் தெரிந்தவர். நல்ல பாட்டை நல்ல பாட்டு என்று ஒப்புக்கொண்டு விடிவதற்குள் ஊரைவிட்டே போகிறவனை எப்படி வில்லன் என்று சொல்வது? இருபது முப்பது வருடம் வில்லனாக நடித்த கை என்பதால்தான் இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பேன்.

கே: 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதர் பாடும் 'ஒருநாள் போதுமா' பாலையாவே பாடியதா? என் நண்பர் அடித்துச் சொல்கிறார். (வாசகர், சேலம்)

ப: பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. எழுதியது கண்ணதாசன், இசை கே.வி. மகாதேவன். தோடி, தர்பார், மோகனம், கானடா என்று பாட்டுக்குள்ளேயே ராகத்தின் பெயர் வர வர ராகம் மாறும். நண்பர் ஏமாந்ததில் தப்பே இல்லை. உதட்டசைவு மட்டும் பொருந்தினால் போதாது, பிருகா, அதாவது வேகமான சுரக் கோர்வை, உருளும்போது கழுத்தும் தோளும் கையும் சேர்ந்து உருள வேண்டும், இவருக்கு உருளும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) தவில் முத்துராக்கும் அப்படித்தான். தவிலுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தால் பல வருடம் கச்சேரி செய்தவர் என்றே தோன்றும். சிவாஜியின் நாதஸ்வரத்தை ரசித்துத் தலையாட்டுவது வேறு, முன்கோபக்காரத் தம்பியைக் கவனித்துக்கொள்ளும் அண்ணனாக அவரை ஓரக்கண்ணால் பார்ப்பது வேறு, இரண்டையும் அந்தப் படத்தில் செய்வார்.

கே: இவரைத் 'துணை நடிகர்' என்று எழுதலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: தயவுசெய்து வேண்டாம். கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்கிறவர். அதுவும் மரியாதையான உழைப்புதான், ஆனால் வேறு வேலை. பாலையா குணச்சித்திர நடிகர். எஸ்.வி. ரங்காராவ், எஸ்.வி. சுப்பையா, வி.கே. ராமசாமி, இவர்கள் வரிசை. கதாநாயகன் நல்லவன் என்று நாம் நம்புவதே பாதி இவர்கள் அவனைப் பார்க்கும் பார்வையால்தான்.

கே: ஜூனியர் பாலையா அவர் மகனா? (வாசகர், சென்னை)

ப: ஆமாம், சொந்தப் பெயர் ரகு. 'கரகாட்டக்காரன்' உட்பட நிறையப் படங்கள், 'சாட்டை'யில் தலைமை ஆசிரியர். 2023 நவம்பரில் காலமானார். முகஜாடை அப்படியே அப்பாதான்.

கே: சிரிப்புப் படங்களைத் தவிர்த்து அவருடைய ஒரே ஒரு படத்தைப் பார்க்க வேண்டுமென்றால்? (வாசகர், கோவை)

ப: 'பாகப்பிரிவினை', 1959, பீம்சிங் இயக்கியது. பாலையாவும் எஸ்.வி. சுப்பையாவும் அண்ணன் தம்பி. எம்.ஆர். ராதா வந்து குட்டையைக் குழப்ப, வீடு இரண்டாகப் பிரிகிறது. தம்பிமேல் பாசம் இருக்கிறது, ஆனால் மனைவி சி.கே. சரஸ்வதியை எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை. அப்படி ஒரு அண்ணன். நம் குடும்பங்களில் பார்த்த முகம்தான். சிவாஜியைப் பார்க்க உட்கார்ந்தாலும் சரி, அண்ணனும் தம்பியும் ஒரே சட்டத்துக்குள் வரும் இடங்களில் மட்டும் கண்ணைப் பாலையா பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சுப்பையா பேசும்போது.