காமிக் சான்ஸை மாற்ற வேண்டுமா?

கேள்வி: நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஆங்கிலப் பயிற்சித்தாள்களை காமிக் சான்ஸ் எழுத்துருவில்தான் அடிக்கிறேன். டிசைன் படிக்கும் என் தம்பி மகன், "அத்தை, இதையா இன்னும் வெச்சிருக்கீங்க? பாக்கவே சகிக்கல" என்கிறான். மாற்றிவிடட்டுமா? தமிழில் இதுபோல் ஏதாவது உண்டா?

பதில்: மாற்றாதீர்கள். அச்சுக்குப் பக்கம் கட்டுவதே என் வேலை. அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ'யைப் பாருங்கள். பெரும்பாலான அச்சு எழுத்துருக்களில் அதன் தலைமேல் ஒரு கொக்கி வளைந்திருக்கும். நீங்கள் கரும்பலகையில் போடுவதோ ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கோடு. காமிக் சான்ஸில் அதே வடிவம்தான். எழுதிப் பழகும் எழுத்தையே பிள்ளை தாளிலும் பார்க்கிறது. வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பரிந்துரைக்கும் எழுத்துருக்களில் ஏரியலோடு இதுவும் இருக்கிறது.

1994இல் மைக்ரோசாஃப்டில் இருந்த வின்சென்ட் கொனேர் இதை வரையத் தொடங்கியதே 'பாப்' மென்பொருளில் வந்த ஒரு கார்ட்டூன் நாய்க்காகத்தான். அந்த நாயின் பேச்சு டைம்ஸ் நியூ ரோமன் என்ற கறாரான அச்சு எழுத்துருவில் வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. காமிக்ஸ் புத்தகங்களின் கையெழுத்தைப் பார்த்து வரைந்தார். 'பாப்' வந்தபோது எழுத்துரு தயாராகவில்லை. பிறகு விண்டோஸோடு ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கைப் பலகை, அலுவலகச் சுற்றறிக்கை என்று எங்கும் ஒட்டிக்கொண்டதால்தான் இத்தனை வெறுப்பு. இடம், பொருள், ஏவல் எழுத்துருவுக்கும் உண்டு. இரங்கல் அறிவிப்பில் இதைப் போட்டால் நானே சண்டைக்கு வருவேன். வகுப்பறை இதன் சொந்த வீடு.

சரி, தமிழுக்கு வருவோம். காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. கணினி தானாகவே நிர்மலா போன்ற வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவாணர்' எழுத்துருவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக எடுக்கலாம். சாய்ந்த கையெழுத்து, பார்க்க அவ்வளவு அழகு. தலைப்புக்கும் வாழ்த்து அட்டைக்கும் தாராளமாகப் போடுங்கள். பக்கம் முழுக்க வேண்டாம், சாய்வு கண்ணைக் களைக்க வைத்துவிடும். இன்னொன்று: அதில் தடித்த வடிவம் தனியாக இல்லை. போல்டு பொத்தானை அழுத்தினால் கணினியே செயற்கையாகத் தடிமன் ஏற்றும், 'ண', 'ஞ' சுழிகள் அடைபடும். அழுத்தம் வேண்டுமென்றால் அளவைக் கூட்டுங்கள்.

அப்புறம், ஒரு தாளை அச்சடித்து, வாசிக்கத் திணறும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். மருமகனிடம் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.