யாழ்ப்பாண நகரத்தில் வேலை, வெளியில் வீடு: கேள்வி பதில்

கேள்வி: கோண்டாவிலில் 2 பரப்புக் காணி பார்த்திருக்கிறோம். நகரத்தில் வேலை. வாங்க முதல் என்னத்தைப் பார்க்க வேணும், அண்ணை?

பதில்: றோட்டைப் பிறகு பாருங்கோ, தங்கச்சி, முதல் கிணற்றைப் பாருங்கோ. 2 பரப்பெண்டால் 20 பேர்ச், 5445 சதுர அடி. அகலம் 55 அடியெண்டால் நீளம் 99. உங்கட மலக்குழியை உங்கட கிணற்றிலிருந்து 50 அடி தள்ளிக் கட்டிவிடலாம். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுக் குழி 15 அடியில் இருக்கலாம். ஊர் நெருங்க நெருங்க வாற முதல் பிரச்சினை இதுதான். நாலு பக்கத்து வளவிலும் குழி எங்கே எண்டு கேட்டு, ஒரு தாளில் கீறி, அதுக்குப் பிறகே கிணற்றுக்கு இடம் குறியுங்கோ.

கோண்டாவில் பக்கம் செம்பாட்டுக்குக் கீழே சுண்ணக்கல். அதில் வெடிப்பும் பொந்தும் இருக்கிறதால், நிலம் வடிகட்டித் தரும் எண்டு நம்பேலாது. அடி திறந்த குழி கட்டவே வேண்டாம். அடிக்குக் கொங்கிறீற், உள்ளுக்குச் சீமெந்துப் பூச்சு, இரண்டு அறை. முதல் அறை மற்றதைப்போல இரண்டு மடங்கு. அதிலிருந்து வழியிற தண்ணி இறங்கும் ஊறுகுழிக்கும் அதே 50 அடி வேணும், இடமிருந்தால் இன்னும் கூட விடுங்கோ.

கேள்வி: எங்கட கிணற்றுத் தண்ணி கண்ணாடி மாதிரி. கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறோம். போதாதோ?

பதில்: கிருமிக்குப் போதும், நைத்திரேற்றுக்குப் போதாது. அது கழிவிலும் உரத்திலும் இருந்து தண்ணியில் கரையிற உப்பு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஆவியாகும், நைத்திரேற்று மிஞ்சி இன்னும் செறியும். மலக்குழியாலும் வரும், தோட்டத்து யூரியாவாலும் வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. அதுக்கு மேலெண்டால் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணியில் மாப்பால் கரைக்கவே கூடாது. இதில் அலட்சியம் வேண்டாம், அம்மா. சுத்தமான போத்தலை அதே தண்ணியால் மூன்று தரம் அலசி நிரப்பிப் பரிசோதனைக்குக் குடுங்கோ. கோடையில் ஒருக்கா, மாரி மழைக்குப் பிறகு ஒருக்கா. கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் ஆய்வுகூடம் தாற போத்தல்தான் வேணும்.

கேள்வி: கைதடியில் வீடு. வேலைக்குப் போக முதல் மோட்டரைப் போட்டால் தண்ணி உவர்க்குது. ஆழமாய்க் குழாய்க் கிணறு அடிக்கலாமோ?

பதில்: வேண்டாம் தம்பி. நன்னீர் உவர்நீருக்கு மேல்தான் மிதக்குது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிண்டால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் எண்டது பொதுக் கணக்கு. அப்ப மேலே 1 அடி இறங்கினால் கீழே எவ்வளவு போகும் எண்டு பாருங்கோ. ஆழமாய்த் துளைச்சால் நேரே உவருக்குள்தான் போவீங்கள். 1000 லீற்றர்த் தாங்கியை ஒரே மூச்சில் நிரப்பாமல் காலமை பாதி, பின்னேரம் பாதி நிரப்புங்கோ. மோட்டர் உறிஞ்சிற குழாயின்ர நுனியில் இருக்கிற கால் வால்வைக் கிணற்றின் அடியில் விடாமல் மேலே தூக்கி வையுங்கோ.

கேள்வி: சாவகச்சேரியிலிருந்து தினம் போய்வர பஸ்ஸோ ரயிலோ?

பதில்: பஸ். ரயில் சொகுசு, ஆனால் எண்ணிக்கை குறைவு. கொழும்பிலிருந்து வாறது பிந்தினால் உங்கட நாளும் பிந்தும். பள்ளிக்கூடம் 7.30க்கு, அதுக்கு முதல் றோட்டு நெரியும். நாவற்குழியில் மன்னார் றோட்டும் வந்து ஏ9 எண்ட கண்டி றோட்டில் ஏறுது. 6.45க்கு முதல் அந்தச் சந்தியைத் தாண்டப் பாருங்கோ.

கேள்வி: முந்தி எங்கட ஒழுங்கையில் வெள்ளம் நிக்கிறேல்லை. இப்ப ஏன் நிக்குது?

பதில்: முந்தி வேலி, இப்ப மதில். கிடுகுவேலிக்குக் கீழாலை தண்ணி வளவுக்குள் பரவி ஊறினது. இரண்டு பக்கமும் மதில் எழும்ப ஒழுங்கையே வாய்க்காலாகுது. மதில் கட்டேக்கை, தண்ணி வழமையாய்ப் போற பக்கத்தில் தரைமட்டத்தோடை 4 அங்குலப் பிவிசி குழாயைப் 10 அடிக்கு ஒண்டாய் வையுங்கோ. வீட்டு அத்திவாரம் ஒழுங்கையை விட 2 அடி உயர வேணும், கிணற்றுக் கட்டும் வெள்ள மட்டத்துக்கு மேல் நிக்க வேணும். வளவு முழுக்கக் கிரவல் கொட்டி உயர்த்தினால் அந்தத் தண்ணி அயல்வீட்டுக்குள்தான் போகும், அது வேண்டாம். காணி வாங்கிறவை நவம்பர் மழைக்குள்ள ஒருக்காப் போய் நிண்டு பாருங்கோ. ஆவணியில் எல்லாக் காணியும் மேட்டுக்காணி மாதிரித்தான் தெரியும்.