பாவி என்றால் போதுமா?

கேள்வி: தினமும் இரவு குடும்ப ஜெபத்தில் "நான் பாவி, தூசி" என்று அழுகிறேன். எழுந்தால் மனபாரம் அப்படியே இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு நாத்தனாரிடம் 600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கைமாற்று வாங்கினேன். அவர் திருப்பிக் கேட்டபோது, மாமியார் முன்னிலையில் வாங்கவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆண்டவர் என்னை மன்னிக்கவில்லையா?
(தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: சகோதரி, உங்கள் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் "நான் பாவி" என்ற பொதுவான வார்த்தைக்குள் அந்த 600 வெள்ளி ஒளிந்துகொண்டிருக்கிறது. தூசி, புழு என்று எவ்வளவு தாழ்த்திக்கொண்டாலும், செய்ததைப் பெயர் சொல்லாதவரை பாரம் இறங்காது.

கர்த்தரின் கட்டளையை மீறிய சவுல் ராஜாவும் "பாவஞ்செய்தேன்" என்றார். கூடவே, ஜனங்களுக்குப் பயந்துதான் செய்தேன் என்றார். மூப்பர்கள் முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் கேட்டார் (1 சாமுவேல் 15). உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைச் சாகவும் வைத்த தாவீது ராஜாவோ, தீர்க்கதரிசி நாத்தான் கண்டித்ததும் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். சாக்கு எதுவும் சேர்க்கவில்லை.

இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்து எல்லாரும் படுத்தபின், பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். விடிகாலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) கிளம்பும் வீட்டில் அமைதி அப்போதுதான் கிடைக்கும். ஒரு தாளில் ஒரே வரி எழுதுங்கள்: "நாத்தனார் கொடுத்த 600 வெள்ளியை வாங்கவில்லை என்று அத்தை முன்னால் பொய் சொன்னேன்." அதில் "ஆனால்", "அவங்களும்தான்" வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதை ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, 51-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். 19 வசனந்தான். அழுகை வராவிட்டாலும் கவலை வேண்டாம்; மனந்திரும்புதலைக் கண்ணீரால் அளப்பதில்லை.

நாலாம் வசனத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்று தாவீது சொல்வதை வைத்து, ஆண்டவரிடம் சொன்னால் போதும், மனிதரிடம் போகத் தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தாவீது மன்னிப்புக் கேட்க உரியா உயிரோடு இல்லை. உங்கள் நாத்தனார் இருக்கிறார்.

பொய் சொல்லி அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டவர், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 6. உங்கள் கணக்கில் 720 வெள்ளி. இன்று அது நமக்குக் கட்டாயச் சட்டமில்லை, நல்ல அளவுகோல். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 120 வெள்ளி, ஆறு மாதம். சம்பள நாளைச் சொல்லி, முதல் தவணையைக் கையோடு கொண்டுபோங்கள்.

நேரில் போங்கள். வாட்சப் வேண்டாம், ஆராதனை முடிந்த கூட்டத்திலும் வேண்டாம். "அக்கா, நீங்க காசு கொடுத்தீங்க. வாங்கலைன்னு நான்தான் பொய் சொன்னேன்" என்று தொடங்குங்கள். "ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார்" என்று ஆரம்பித்தால், மன்னிக்க வேண்டிய கடன் நாத்தனார் தலையில் ஏறிவிடும். உடனே மன்னிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். கதவைச் சாத்தினாலும் தவணை நிற்கக் கூடாது. சமாதானமாயிருங்கள் என்கிற பவுல், "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் சொல்கிறார் (ரோமர் 12:18).

பிறகு மாமியாரிடம் போங்கள். பொய்யை அவர் முன்னால்தான் சொன்னீர்கள். நாத்தனார் பொய்க்காரியாக நின்றதும் அங்கேதான். பணம் முழுவதும் அடைந்தாலும் இந்த ஒரு பேச்சு பாக்கியிருந்தால், நாத்தனாருக்கு நீங்கள் பட்ட கடன் தீரவில்லை.